அலியாஸ் போட்டாச்சு, நியூஅலியாஸஸ் ஓட்டியாச்சு, ஆனா மெயில் மட்டும் வரமாட்டேங்குது

சர்வர்_சங்கடம்:
வணக்கம் மக்களே. புது ஆஃபிஸ்ல சேர்ந்திருக்கேன், எனக்கு முன்னாடி இருந்தவர் விட்டுட்டுப் போன போஸ்ட்ஃபிக்ஸ் மெயில் சர்வர் இப்ப என் தலைல. எழுதி வச்ச குறிப்புன்னு ஒரு துண்டுச் சீட்டு கூட கிடையாது. "அக்கவுண்ட்ஸ்"னு ஒரு பொது அட்ரஸ் வேணும், மூணு பேருக்கும் மெயில் போகணும்னு மேனேஜர் கேட்டாரு. இடிசி ஃபோல்டர்ல இருக்கற அலியாஸஸ் ஃபைல்ல (எந்தப் பேருக்கு வர்ற மெயில் யாருக்குப் போகணும்னு எழுதற ஃபைல்) வரி சேர்த்தேன், அத சர்வர் படிக்கற டேட்டாபேஸா மாத்தற நியூஅலியாஸஸ் கமாண்ட ஓட்டினேன், ஒரு எர்ரரும் இல்ல. போஸ்ட்அலியாஸ் மைனஸ் கியூ போட்டுக் கேட்டா மூணு பேரையும் சரியா காட்டுது. ஆனா வெளில இருந்து அனுப்பினா 550 5.1.1, "யூசர் அன்நோன் இன் விர்ச்சுவல் மெயில்பாக்ஸ் டேபிள்"னு திருப்பி அடிக்குது. ரீலோட், ரீஸ்டார்ட் எல்லாம் பாத்தாச்சு. எங்க மாட்டிக்கிட்டு இருக்குன்னு யாராச்சும் சொல்லுங்க.

லாக்_பைத்தியம்:
பதில் உங்க எர்ரர்லயே இருக்கு ப்ரோ, "விர்ச்சுவல் மெயில்பாக்ஸ் டேபிள்"ல தேடிப் பாத்தேன் இல்லைங்குது, அலியாஸஸ் ஃபைல் பக்கமே அது எட்டிப் பாக்கல. செட்டிங் காட்டற போஸ்ட்கான்ஃப் கமாண்ட் போட்டு மைடெஸ்டினேஷன் (சர்வர்ல லாகின் இருக்கற யூசர்ஸுக்கு மெயில் எடுக்கற டொமைனுங்க) என்ன, விர்ச்சுவல் மெயில்பாக்ஸ் டொமைன்ஸ் (லாகின் இல்லாத மெயில்பாக்ஸுங்களோட டொமைனுங்க) என்ன, விர்ச்சுவல் அலியாஸ் மேப்ஸ் என்னன்னு மூணையும் பாருங்க. உங்க கம்பெனி டொமைன் கண்டிப்பா ரெண்டாவதுலதான் இருக்கும்.

விஷயம் இதுதான். இடிசி அலியாஸஸ் ஃபைல படிக்கறது போஸ்ட்ஃபிக்ஸோட லோக்கல் டெலிவரி ப்ராசஸ் மட்டும்தான். அந்த லோக்கல்கிட்ட போறது மைடெஸ்டினேஷன்ல இருக்கற டொமைனுக்கு வர்ற மெயில்தான். உங்க டொமைன் விர்ச்சுவல் பக்கம் இருக்கறதால அந்த மெயில் லோக்கல் கைக்கே போகாது, நீங்க ஃபைல்ல என்ன எழுதினாலும் படிக்க ஆள் இல்ல. விர்ச்சுவல் அலியாஸ் மேப் அப்படி இல்ல, அதைப் பாக்கறது க்ளீனப் ப்ராசஸ், எந்த டொமைனா இருந்தாலும் மெயில் கியூவுக்குள்ள நுழையும்போதே அட்ரஸ மாத்திடும். நீங்க வரி சேர்க்க வேண்டியது அங்க.

சர்வர்_சங்கடம்:
தல, அப்படியே இருக்கு. மைடெஸ்டினேஷன்ல லோக்கல்ஹோஸ்ட்டும் சர்வர் பேரும் மட்டும்தான். விர்ச்சுவல்னு ஒரு ஃபைல் இருக்கு, உள்ள ஏகப்பட்ட வரி. அதுலயும் அதே மாதிரி கோலன் போட்டு எழுதி நியூஅலியாஸஸ் அடிச்சா போதுமா?

லாக்_பைத்தியம்:
ரெண்டும் வேண்டாம். அலியாஸஸ் ஃபைல்ல பேருக்குப் பின்னாடி கோலன் உண்டு, டொமைன் போட மாட்டோம். விர்ச்சுவல் ஃபைல்ல முழு அட்ரஸ், ஒரு ஸ்பேஸ், அப்புறம் போக வேண்டிய அட்ரஸுங்க கமா போட்டு, அவ்வளவுதான். கோலன் போட்டீங்கன்னா கோலனோட சேர்த்தே கீயா எடுத்துக்கும், அது எந்த மெயிலுக்கும் பொருந்தாது. நல்லவேளை, இந்த ஃபைல டேட்டாபேஸா மாத்தற போஸ்ட்மேப் கமாண்ட் "இது அலியாஸ் ஃபைல் மாதிரி இருக்கே"ன்னு ஒரு வார்னிங் குடுக்கும், ஸ்க்ரீன்ல வர்றத படிங்க. நியூஅலியாஸஸ் தொடறது அலியாஸ் டேட்டாபேஸ்னு செட்டிங்ல குடுத்த ஃபைல மட்டும், விர்ச்சுவலுக்கு தனியா போஸ்ட்மேப் ஓட்டணும். ஓட்டினதுக்கப்புறம் ரீலோட் தேவையில்ல, ஃபைல் மாறினத அதுவே கண்டுபிடிச்சுக்கும்.

பழைய_அட்மின்:
தம்பி, இந்தக் குழப்பத்துக்கு ஒரு பூர்வீகம் இருக்கு. அலியாஸஸ் ஃபைல், நியூஅலியாஸஸ் கமாண்ட் எல்லாம் செண்ட்மெயில் காலத்து சரக்கு, பெர்க்லில எரிக் ஆல்மன் எழுதினது. அப்ப ஒரு மெஷின், அதுல லாகின் இருக்கற யூசர்ஸ், அவங்களுக்கு மெயில், கதை அதோட முடிஞ்சுது. ஒரே சர்வர்ல பத்து டொமைன் வச்சு யூனிக்ஸ் அக்கவுண்டே இல்லாத ஆளுக்கு மெயில்பாக்ஸ் குடுக்கறதெல்லாம் பின்னாடி வந்தது. வீட்ஸ வெனிமா ஐபிஎம்ல இருந்தப்ப 1998ல போஸ்ட்ஃபிக்ஸ வெளில விட்டாரு, அவரு பழைய ஃபைல அப்படியே ஓட வச்சுட்டு விர்ச்சுவல தனியா வச்சாரு. அதனாலதான் ஒரே வேலைக்கு ரெண்டு இடம், ரெண்டு கமாண்ட்.

இன்னொண்ணு, அந்தக் காலத்து அலியாஸஸ் ஃபைல்ல டீகோட்னு ஒரு அலியாஸ் வரும், வர்ற மெயில, அதுக்குள்ள இருக்கற ஃபைலப் பிரிச்சு எழுதற யூயூடீகோட் ப்ரோக்ராமுக்கு நேரா பைப் பண்ணி விடும், அதாவது மெயில அந்த ப்ரோக்ராம் கைல குடுத்துடும். வெளியாள் ஒரு மெயில் அனுப்பி நம்ம சர்வர்ல ஃபைல் எழுத முடியும்னா பாத்துக்கோ. உன் ஃபைல்ல பைப் குறி போட்ட வரி ஏதாச்சும் இருந்தா அது என்ன ஓட்டுது, ஃபைல் யார் பேர்ல இருக்குன்னு முதல்ல பாரு. ஃபைலோட ஓனர் யாரோ அவரோட உரிமைலதான் போஸ்ட்ஃபிக்ஸ் அந்த கமாண்ட ஓட்டும், ரூட்டா இருந்தா மட்டும் நோபடிங்கற அதிகாரமில்லாத யூசரா மாறிக்கும்.

சர்வர்_சங்கடம்:
அண்ணே, வேலை செய்யுது, அக்கவுண்ட்ஸ் மெயில் மூணு பேருக்கும் போயிடுச்சு, ரொம்ப நன்றி. இப்ப அந்த விர்ச்சுவல் ஃபைல திறந்து வச்சுக்கிட்டு உக்காந்திருக்கேன், பாதி எனக்குப் புரியல. ஒவ்வொரு ஆளுக்கும் "ரவி அட் கம்பெனி" இடதுபக்கம், அதே "ரவி அட் கம்பெனி" வலதுபக்கம்னு வரி வரியா போட்டு வச்சிருக்காரு. தனக்குத் தானே அனுப்பிக்கற அலியாஸ் எதுக்கு? இதெல்லாம் குப்பைன்னு நினைச்சு தூக்கலாம்னு இருக்கேன். கடைசில அட் கம்பெனின்னு மட்டும் ஒரு வரி, அது எம்டி பிஏவோட மெயில்பாக்ஸுக்குப் போகுது.

லாக்_பைத்தியம்:
கைய எடுங்க!! அதத் தூக்கினா திங்கக்கிழமை காலைல ஆஃபிஸ் மெயில் மொத்தமும் பிஏ பாக்ஸ்ல கிடக்கும்.

அந்தக் கடைசி வரிதான் கேட்ச்ஆல், தனி வரி இல்லாத எந்தப் பேருக்கு மெயில் வந்தாலும் அள்ளிக்கறது. விர்ச்சுவல் மேப்புல தேடற வரிசை எப்படின்னா முதல்ல முழு அட்ரஸ், அது கிடைக்கலைன்னா அட் டொமைன். மெயில்பாக்ஸ் இருக்கா இல்லையான்னு பாக்கறதுக்கு முன்னாடியே இந்த மேப் வேலை செஞ்சு முடிச்சுடும். ரவிக்கு மெயில்பாக்ஸ் இருக்கு ஆனா மேப்புல வரி இல்லைன்னா, கேட்ச்ஆல் வந்து ரவியோட மெயில கவ்விக்கிட்டுப் போயிடும். அதத் தடுக்கத்தான் ரவிக்கு ரவியேன்னு ஒரு வரி. போஸ்ட்ஃபிக்ஸ்அட்மின்ல (வெப் வழியா மெயில்பாக்ஸ மேனேஜ் பண்ற டூல்) புது மெயில்பாக்ஸ் உருவாக்கினா அலியாஸ் டேபிள்லயும் இதே மாதிரி ஒரு வரி அதுவா விழறது இதுக்குத்தான்.

தூக்கறதா இருந்தா கேட்ச்ஆல முதல்ல தூக்குங்க. ஸ்பேம் அனுப்பறவன் கைக்கு வந்த பேரையெல்லாம் போட்டு அடிப்பான், கேட்ச்ஆல் இருந்தா எல்லாத்தையும் உங்க சர்வர் "வாங்க வாங்க"ன்னு வாங்கி வச்சுக்கும்.

கோவை_கேபிள்:
கேட்ச்ஆல் தூக்கறது சரிதானுங்க, ஆனா சட்டுனு தூக்காதீங்க. எங்க கிளையண்ட் ஒருத்தருக்கு அப்படித் தூக்கினதும் கஸ்டமருங்க ஸ்பெல்லிங் தப்பா அடிச்ச அட்ரஸுக்கு வந்துட்டு இருந்த ஆர்டர் எல்லாம் நின்னு போச்சுங்க. முதல்ல லாக்குல எந்தெந்தப் பேருக்கு உண்மையான மெயில் வருதுன்னு பாத்துட்டு, அதுக்கெல்லாம் தனி அலியாஸ் போட்டுட்டு அப்புறம் மூடுங்க.

டெஸ்ட் பண்றப்ப இன்னொண்ணுங்க, போஸ்ட்மேப் மைனஸ் கியூ குடுத்த கீய அப்படியே தேடும், அட் டொமைனுக்கு அதுவா இறங்கிப் போகாது. அங்க ஒண்ணும் காட்டலைன்னு மெயில் வராதுன்னு முடிவு பண்ணிடாதீங்க. செண்ட்மெயில் மைனஸ் பிவினு ஒரு ஆப்ஷன் இருக்குது, அட்ரஸக் குடுத்தா உண்மையா அனுப்பாம, எங்க போகும் யாருக்குப் போகும்னு கடைசி வரைக்கும் நடந்து பாத்துட்டு ரிப்போர்ட்ட நம்ம மெயிலுக்கே போடும். எனக்கு அதுதான் நம்பிக்கை.

ரூட்டு_தல:
ஃபைல்ல கை வைக்கறவங்க எல்லாரும் இத ஒரு தடவ படிச்சுட்டுப் போங்க. வரி ஸ்பேஸ்ல ஆரம்பிச்சா அது முந்தின வரியோட தொடர்ச்சி. ஹாஷ் குறில (#) ஆரம்பிக்கற கமெண்ட் வரிய போஸ்ட்ஃபிக்ஸ் கண்ணுலயே பாக்காது. இந்த ரெண்டையும் சேர்த்துப் பாருங்க. ஒரு இடத்துல சம்பள விவரம் போற அலியாஸ் இப்படி இருந்துச்சு: முதல் வரில "சம்பளம்" கோலன் ஒருத்தர், அதுக்குக் கீழ ஸ்பேஸ் விட்டு இன்னும் ரெண்டு பேர். அதுக்கு மேல சேல்ஸ் அலியாஸ், கடைசி பேருக்குப் பின்னாடியும் கமா போட்டு விடற பழக்கம் அங்க. சம்பளம் அலியாஸ நிறுத்தணும்னு முதல் வரி முன்னாடி மட்டும் ஹாஷ் போட்டுட்டாங்க. என்ன ஆகும்? ஹாஷ் போட்ட வரி மறைஞ்சுது, கீழ இருந்த ரெண்டு பேரும் நைசா மேல ஏறி சேல்ஸ்ல சேர்ந்துட்டாங்க. எர்ரர் இல்ல, வார்னிங் இல்ல. ஹெச்ஆர் ஆளுங்க "எங்களுக்கு ஏன் கொட்டேஷன் மெயில் வருது"ன்னு கேட்டப்புறம்தான் தெரிஞ்சுது. தலைகீழா நடந்திருந்தா நினைச்சுப் பாருங்க, சேல்ஸ் ஆளுங்க கைல சம்பள லிஸ்ட்.

அப்புறம் ஒரே பேர ரெண்டு இடத்துல எழுதினா "டூப்ளிகேட் என்ட்ரி"னு வார்னிங் போட்டுட்டு முதல்ல இருக்கறத மட்டும் வச்சுக்கும், நீங்க கீழ புதுசா சேர்த்தது செல்லாது. மாத்தினோம் மாறலையேன்னு மண்டை காயற பாதி கேஸ் இதுதான்.

டேபிள்_மேட்:
இதுக்குத்தான் சொல்றேன், ஃபைலே வேணாம், மைஎஸ்க்யூஎல் டேட்டாபேஸுக்கு மாறிடுங்கன்னு. போஸ்ட்ஃபிக்ஸ்அட்மின் போட்டா வெப்லயே ஹெச்ஆர் ஆளே அலியாஸ் சேர்த்துக்கலாம், நம்மள தொல்லை பண்ண மாட்டாங்க. அட்ரஸ், கோட்டு (goto, எங்க போகணும்), ஆக்டிவ்னு டேபிள்ல காலம் (column) இருக்கு, ஆக்டிவ்ல பூஜ்யம் போட்டா அலியாஸ் தூங்கிடும், அழிக்க வேண்டியதே இல்ல. ஸ்பேஸு, கமெண்ட்டு, போஸ்ட்மேப்பு எந்தப் பஞ்சாயத்தும் கிடையாது.

ரூட்டு_தல:
இருக்கற அம்பது அலியாஸுக்கு ஒரு டேட்டாபேஸ் சர்வர், ஒரு பிஹெச்பி, ஒரு வெப் சர்வர், எல்லாத்துக்கும் அப்டேட். கொசு அடிக்க பீரங்கி. அந்த கோட்டு காலத்துல எல்லா அட்ரஸும் கமா போட்டு ஒரே டெக்ஸ்டா கிடக்கும், ஒருத்தர் வேலைய விட்டுப் போனா எந்தெந்த அலியாஸ்ல அவர் இருக்காருன்னு எஸ்க்யூஎல்ல லைக் போட்டுத் தேடணும், "ராம்" தேடினா "ராம்குமாரும்" வருவாரு. ஃபைல்னா ஒவ்வொரு மாற்றத்தையும் பதிவு பண்ற கிட்ல போட்டு வைக்கலாம், யாரு எப்ப எதுக்கு சேர்த்தாங்கன்னு கமெண்ட்லயே எழுதலாம். உங்க டேபிள்ல அந்த "எதுக்கு" எங்க இருக்கு?

டேபிள்_மேட்:
கிட் எல்லாம் ஒத்த ஆள் அட்மினுக்கு சரி. நாலு ஊர்ல நாலு பேர் மாத்தற இடத்துல ஃபைல் தாங்காது. அப்புறம் டேட்டாபேஸ் படுத்தா மெயில் போயிடும்னு பயமுறுத்த வராதீங்க, லுக்கப் முடியலைன்னா போஸ்ட்ஃபிக்ஸ் 451 டெம்பரரி லுக்கப் ஃபெயிலியர்னுதான் சொல்லும், அனுப்பின சர்வர் கியூல வச்சுக்கிட்டு திரும்பத் திரும்ப ட்ரை பண்ணும். ப்ராக்ஸிமேப்ங்கற நடுவுல நிக்கற ப்ராசஸ் வழியா கனெக்ட் பண்ணா ஒவ்வொரு ப்ராசஸும் தனித்தனியா கனெக்ஷன் திறக்காது, டேட்டாபேஸுக்கும் லோடு ஏறாது.

பழைய_அட்மின்:
சண்டை வேணாம்பா. அலியாஸ் மாத்தற கை எத்தனைன்னு எண்ணிட்டு முடிவு பண்ணு. ஒண்ணோ ரெண்டோ கைன்னா ஃபைல், அதுக்கு மேல டேபிள். ஃபைல்தான்னா ஒண்ணு செய், ஓடிட்டு இருக்கற டேட்டாபேஸ் மேலயே போஸ்ட்மேப் அடிக்காத. பாதில டிஸ்க் ஃபுல் ஆச்சுன்னா அரைகுறை டேட்டாபேஸ்தான் மிஞ்சும். வேற பேர்ல உருவாக்கி, சரியா முடிஞ்சதும் மூவ் பண்ணி அந்த இடத்துல வை. இத அதுவா செய்ய ஒரு சின்ன மேக்ஃபைல் ஸ்க்ரிப்ட் போதும். சிடிபிங்கற டேட்டாபேஸ் டைப்னா இந்த வேலைய அதுவே பண்ணிக்கும்.

சர்வர்_சங்கடம்:
எங்க ஆஃபிஸ்ல மாத்தற கை என்னுது மட்டும்தான், ஃபைலோடயே இருக்கேன். ஆனா அடுத்த தலைவலி வந்துடுச்சு. இந்த மெஷின் ரொம்ப பழசு, ரெட்ஹேட் லினக்ஸ் 10 போட்ட புது மெஷினுக்கு மாத்தப் போறோம். டெஸ்ட்டுக்கு கான்ஃபிக்க அப்படியே காப்பி பண்ணேன், "அன்சப்போர்ட்டட் டிக்ஷனரி டைப் ஹாஷ்"னு நிக்குது. ஹாஷ் இல்லாத போஸ்ட்ஃபிக்ஸ் கூட உண்டா?

லாக்_பைத்தியம்:
உண்டு, இனிமே நிறைய பாப்பீங்க. டேபிள் டைப்ல ஹாஷ்னு எழுதறது பெர்க்லி டிபிங்கற டேட்டாபேஸ. அத வச்சிருந்த ஸ்லீப்பிகேட் கம்பெனிய ஆரக்கிள் 2006ல வாங்குச்சு, 2013ல ஆறாவது வெர்ஷன நிபந்தனை கடுமையான ஏஜிபிஎல் லைசென்ஸுக்கு மாத்திட்டாங்க. லினக்ஸ் டிஸ்ட்ரோக்காரங்க பழைய 5.3லயே நின்னுட்டு மெல்ல மெல்ல கழட்டிட்டு வர்றாங்க, ரெட்ஹேட் 10ல கழட்டியே விட்டாங்க, ஆல்பைன்ல அதுக்கு முன்னாடியே இல்ல. அந்த இடத்துல எல்எம்டிபிங்கற டேட்டாபேஸ், ஓப்பன்எல்டாப்புக்காக ஹோவர்ட் சூ எழுதினது.

செய்ய வேண்டியது பெருசா ஒண்ணுமில்ல. போஸ்ட்கான்ஃப் மைனஸ் எம் அடிச்சா அந்த மெஷின்ல என்னென்ன டைப் இருக்குன்னு வரும். போஸ்ட்ஃபிக்ஸோட செட்டிங் ஃபைலான மெயின் டாட் சிஎஃப்ல ஹாஷ்னு இருக்கற எல்லா இடத்தையும் எல்எம்டிபினு மாத்துங்க, அலியாஸ் மேப்ஸ், அலியாஸ் டேட்டாபேஸ், விர்ச்சுவல், ட்ரான்ஸ்போர்ட், ஆக்ஸஸ் எதையும் விட்டுடாதீங்க, மாஸ்டர் டாட் சிஎஃப்லயும் ஒளிஞ்சுட்டு இருக்கும். பழைய டிபி ஃபைல காப்பி பண்ணாதீங்க, டெக்ஸ்ட் ஃபைல மட்டும் கொண்டு போய் அங்கயே நியூஅலியாஸஸ், போஸ்ட்மேப் ஓட்டுங்க. நிறைய பேர் தடுக்கி விழற இடம் எதுன்னா பழைய ஸ்க்ரிப்ட். போஸ்ட்மேப் ஹாஷ்னு டைப்போட எழுதி, நேரத்துக்கு அதுவா ஓடற க்ரான்ல தூங்கிட்டு இருக்கும், அத யாரும் பாக்க மாட்டாங்க.

கோவை_கேபிள்:
புது மெஷின் போறதுக்கு முன்னாடி ஃபைல சலிச்சுட்டுப் போங்க. எது உயிரோட இருக்குன்னு லாக்கே சொல்லும். அலியாஸ் வழியா போன மெயில் வரில டூ ஒண்ணும், பக்கத்துல ஒரிஜ்டூன்னு ஒண்ணும் இருக்கும், அந்த ஒரிஜ்டூதான் அனுப்பினவங்க எழுதின அட்ரஸ். அத மட்டும் உருவி சார்ட் பண்ணி எண்ணிப் பாத்தா எந்த அலியாஸுக்கு எத்தனை மெயில்னு வந்துடும். ஆனா பழைய லாக்க அழிக்கற லாக்ரொட்டேட் நிறைய மெஷின்ல நாலு வாரத்துக்குத்தான் வச்சிருக்கும், அத நம்பி அழிச்சுடாதீங்க, வருஷத்துக்கு ஒரே மெயில் வர்ற அலியாஸ் இருக்குதுங்க.

அழிக்கவே கூடாத பேரும் இருக்கு, போஸ்ட்மாஸ்டர் கட்டாயம், அப்யூஸ் வேணும், இன்டர்நெட் விதிமுறை ஆவணமான ஆர்எஃப்சி 2142ல லிஸ்ட்டே இருக்குது.

சர்வர்_சங்கடம்:
எண்ணிப் பாத்தேன் அண்ணே. பாதிக்கு மேல ஒரு மெயில் கூட வரல. ஆனா ஒண்ணு பாத்து தூக்கி வாரிப் போட்டுடுச்சு, "டொமைன்"னு ஒரு அலியாஸ், பழைய அட்மினோட சொந்த ஜிமெயிலுக்குப் போகுது. எங்க டொமைன் ரெஜிஸ்ட்ரார் அக்கவுண்ட்டே அந்த அட்ரஸ்லதான் இருக்கு. ரினியூவல் நோட்டீஸ் அவருக்குத்தான் போயிட்டு இருக்கு.

ரூட்டு_தல:
ரினியூவல் நோட்டீஸ விடுங்க, பாஸ்வர்ட் ரீசெட் மெயிலும் அங்கதான போகும். அவரு நல்ல மனுஷனாவே இருக்கட்டும், அவரோட ஜிமெயில் யார் கைலயாச்சும் மாட்டினா உங்க டொமைன் காலி. இப்பவே மாத்துங்க. மாத்தினதும் வலதுபக்கம் உங்க டொமைன் இல்லாத எல்லா வரியையும் க்ரெப் பண்ணி எடுங்க, அந்த லிஸ்ட்ட மேனேஜர் முன்னாடி வச்சு ஒவ்வொண்ணா "இவரு யாரு"ன்னு கேளுங்க. டெக்ஸ்ட் ஃபைல்ல அது ஒரு கமாண்ட் வேலை. (டேபிள்_மேட் கவனிக்கவும்.)

டேபிள்_மேட்:
எஸ்க்யூஎல்லயும் ஒரு வரி க்வெரிதான் ஐயா.

லாக்_பைத்தியம்:
வெளி ஜிமெயிலுக்கு ஃபார்வேர்ட் ஆகற அலியாஸ்ல இன்னொரு சிக்கலும் இருக்கு. வங்கில இருந்து மெயில் வருது, உங்க சர்வர் அத அப்படியே ஜிமெயிலுக்குத் தள்ளுது, என்வலப்ல (சர்வருங்க பாக்கற மேலுறை) அனுப்பினவர் வங்கி, ஆனா வர்ற ஐபி உங்களோடது, எஸ்பிஎஃப் (அந்த டொமைன் பேர்ல இந்த ஐபி அனுப்பலாமான்னு பாக்கற சோதனை) அங்கயே ஃபெயில். மெயில ஒண்ணும் மாத்தாம தள்ளினா அனுப்பின டொமைன் போட்ட டிகேஐஎம் டிஜிட்டல் கையெழுத்து பொழச்சுக்கும், அதுவும் இல்லாத மெயில்னா 550 5.7.26னு கூகுள் திருப்பிடும். போஸ்ட்எஸ்ஆர்எஸ்டிங்கற ப்ரோக்ராம் போட்டா என்வலப் அட்ரஸ உங்க டொமைனுக்கு மாத்தி எழுதும், எஸ்பிஎஃப் பாஸ் ஆகும். ஆனா வர்ற ஸ்பேமையும் சேர்த்துத் தள்ளறீங்கன்னா கூகுள் கண்ணுல ஸ்பேம் அனுப்பறது நீங்கதான். என்னைக் கேட்டா வெளி ஃபார்வேர்டே வேணாம், ஒரு மெயில்பாக்ஸ் குடுத்து ஐமேப்ல எடுத்துக்கச் சொல்லுங்க.

சர்வர்_சங்கடம்:
வெளி ஃபார்வேர்ட் எல்லாம் எடுத்துடறேன், மேனேஜரும் சரின்னுட்டாரு. செத்த அலியாஸுங்கள நேரா அழிச்சா அனுப்பறவங்களுக்கு வெறும் யூசர் அன்நோன்தான போகும், வேற ஏதாச்சும் சொல்லி அனுப்ப முடியுமா? அப்புறம் சப்போர்ட் அட்ரஸுக்கு வர்ற மெயில டிக்கெட் ஸ்க்ரிப்ட்டுக்கு பைப் பண்ணணும்னு கேக்கறாங்க, விர்ச்சுவல்ல பைப் போட்டா எடுக்க மாட்டேங்குது.

கோவை_கேபிள்:
முதல் கேள்விக்கு செக் ரெசிபியன்ட் ஆக்ஸஸ்னு ஒரு மேப் போட்டு, அந்த அட்ரஸுக்கு நேரா ரிஜெக்ட்னு எழுதி "இந்த அட்ரஸ் இப்ப இல்ல, அக்கவுண்ட்ஸுக்கு அனுப்பவும்"னு உங்க வாசகத்தையே சேர்த்துக்கலாமுங்க, திரும்பிப் போற மெயில்ல அது தெரியும். புது அட்ரஸ் மட்டும் சொன்னா போதும்னா ரீலொகேட்டட் மேப்ஸ் இருக்குது. ஒரு வருஷம் அப்படியே விட்டுட்டு அப்புறம் வரிய எடுங்க.

பழைய_அட்மின்:
பைப்புக்கு ரெண்டு ஃபைலும் கைகோக்கணும். விர்ச்சுவல்ல சப்போர்ட் அட்ரஸ "டிக்கெட் அட் லோக்கல்ஹோஸ்ட்"டுக்கு அனுப்பு. லோக்கல்ஹோஸ்ட் உன் மைடெஸ்டினேஷன்ல இருக்குன்னு நீயே சொன்ன, அதனால அது லோக்கல் கைக்குப் போகும். அலியாஸஸ்ல டிக்கெட் கோலன், டபுள் கோட்டுக்குள்ள பைப் போட்டு ஸ்க்ரிப்ட்டோட முழு பாத். அங்கயே ஓனர் ஹைஃபன் டிக்கெட்னு இன்னொரு அலியாஸ் உன் பேருக்குப் போட்டு வை, ஸ்க்ரிப்ட் சொதப்பினா பவுன்ஸ் (திரும்பற எர்ரர் மெயில்) கஸ்டமருக்குப் போகாம உனக்கு வரும். அந்த ஓனர் வித்தை லோக்கல் அலியாஸ்ல மட்டும்தான், விர்ச்சுவல்ல எடுபடாது. போஸ்ட்மேப் ஒண்ணு, நியூஅலியாஸஸ் ஒண்ணு, ரெண்டையும் ஓட்டு.

சர்வர்_சங்கடம்:
ஓட்டியாச்சு, முதல் டிக்கெட் விழுந்துடுச்சு. ஸ்க்ரிப்ட் நோபடியா ஓடுதுன்றதால லாக் ஃபோல்டர்ல எழுத பர்மிஷன் இல்லைன்னு ஒரு பவுன்ஸ் வந்துச்சு, எனக்குத்தான் வந்துச்சு, கஸ்டமருக்குப் போகல. டிக்கெட்டுக்குன்னு தனி யூசர் உருவாக்கி, அவர் பேர்ல தனி அலியாஸ் ஃபைல் வச்சு அலியாஸ் மேப்ஸ்லயும் அலியாஸ் டேட்டாபேஸ்லயும் சேர்த்துட்டேன். ரூட்டாவே நியூஅலியாஸஸ் ஓட்டலாமா, இல்ல அந்த யூசராதான் ஓட்டணுமா?

பழைய_அட்மின்:
ரூட்டாவே ஓட்டு. டெக்ஸ்ட் ஃபைல் யாரோடதோ டேட்டாபேஸும் அவர் பேர்லயே உருவாகும். எதுக்கும் ஓட்டினதும் எல்எஸ் மைனஸ் எல் போட்டு ஓனர ஒரு தடவ பாத்துக்கோ.